பம்பரத்தின் வயது என்ன?

பெயின்டருக்குக் கை சும்மா இருக்காது. சொரசொரப்பாக எதைக் கண்டாலும் தேய்த்து, பட்டி வைத்து, வழவழப்பாக்கிவிட்டுத்தான் சாப்பாட்டுக்கே உட்காருவார். அந்த நல்ல குணம்தான் கடைசியில் அவர் மனைவியின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது.

மனைவி மெக்கானிக். பட்டறையில் எல்லோருக்கும் அவள் மேஸ்திரி. வேலை நேரத்தில் கட்டிய கணவருக்கும் மேஸ்திரிதான். ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால் கேட்பாரற்றுக் கிடந்த பழைய ஸ்கிட் ஸ்டியர் லோடரை ஆசை ஆசையாக இழுத்து வந்தவள் அவள். முன்னால் மண் அள்ளும் வாளி, பின்னால் எஞ்சின், நடுவில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரே ஆள். ஸ்டியரிங் என்ற பேச்சே இல்லை, இரண்டு லிவர்தான். ஒரு பக்கச் சக்கரங்களை முன்னாலும் மறுபக்கத்தைப் பின்னாலும் ஓட்டினால் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் பட்டறையில் அதற்குப் பம்பரம் என்று பெயராகிவிட்டது.

பம்பரத்தின் மேல் அவளுக்கு அப்படி ஒரு கண் விழக் காரணம் அவளுடைய அண்ணன். வருடாவருடம் பழைய இயந்திரங்களை ஊர்வலம் விடுவார்கள். ஐம்பது வயது முடிந்தவை முன்னால், மற்றவை பின்னால். அண்ணன் தன் டிராக்டரில் எல்லோருக்கும் முதலாக, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி கையசைத்துக்கொண்டு போவான். மேஸ்திரி யாருடைய ரோலரையாவது இரவல் வாங்கி, வால்பகுதியில் புழுதி தின்றுகொண்டு வருவாள். ஒரே ஒருமுறை அண்ணனுக்கு முன்னால் போக வேண்டும், அவன் தன் முதுகைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. பெயின்டருக்கு மட்டும் தெரியும்.

வண்டி தயாரான வருடம் போட்ட தகடு எப்போதோ விழுந்துவிட்டது. ஆனால் சீட்டுக்குப் பக்கத்துச் சட்டத்தில், துருவுக்கு அடியில், வரிசை எண் குத்தியிருந்தது. அதை வைத்து வருடத்தைச் சொல்லிவிடலாம். துருவைச் சுரண்டி நிதானமாகப் படிக்கலாம் என்று மேஸ்திரி விட்டுவைத்திருந்தாள். மறுநாள் வந்து பார்த்தால் சட்டம் மஞ்சள் மஞ்சேளென்று மின்னியது.

"இங்க நம்பர் இருந்துச்சே?"

"நம்பரா? குண்டும் குழியுமா இருந்துச்சு. கிரைண்டர் போட்டு வழிச்சிட்டேன்" என்றார் பெயின்டர், பாராட்டை எதிர்பார்த்து.

அன்று பட்டறையில் நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுத முடியாது.

ஊர்வலக்காரர்கள் சார்பில் வயதைச் சோதிக்க வந்தவர் ஓய்வுபெற்ற லேத்காரர். கறார் பேர்வழி. எஞ்சின் எண்ணைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"முப்பது வயசுகூட ஆகலையேம்மா."

"எஞ்சின் மாத்தினதுய்யா. எஞ்சினைத் தாங்கற பட்டையைப் பாருங்க, வெல்டிங் வேற ஆளோட கை."

"சரி. வண்டியோடயே பொறந்த உறுப்பு ஒண்ணைக் காட்டு. ஒத்துக்கறேன்."

வாளி மாறியிருந்தது. கூண்டு பிறகு சேர்த்தது. யோசித்துப் பார்த்தால் யாரும் கை வைக்காத இடம் ஒன்றுதான் மிச்சம், சங்கிலிப் பெட்டி. இரண்டு பக்கமும் சக்கரங்களை ஓட்டும் சங்கிலிகள் எண்ணெயில் ஊறிக்கிடக்கும் பெட்டி அது. அதற்குள் இருக்கும் வார்ப்பிரும்புப் பாகத்தில், வார்த்த மாதத்துக்கு ஓர் எழுத்தும் வருடத்துக்கு இரண்டு இலக்கமும் புடைத்து நிற்கும். மேஸ்திரி சக்கரத்தைக் கழற்றினாள், கருத்துக் கூழாகிப்போன எண்ணெயை வடித்தாள், துணியை விட்டுத் துடைத்தாள், டார்ச்சை அடித்தாள். விரல் விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"என்ன ஆச்சு?" என்றார் பெயின்டர்.

"ஐம்பது முடிய இன்னும் மூணு மாசம் இருக்கு. இது வார்த்த தேதிதான். வண்டியப் பூட்டினது இதுக்கும் அப்புறம்."

"ஐம்பது நடக்குதுல்ல? நம்ம வீட்டுல எல்லாருக்கும் அப்படித்தானே சொல்றோம்?"

"முடிஞ்சிருக்கணும்னு விதி."

பெயின்டர் கிரைண்டரை மெல்லக் கையில் எடுத்தார். "அந்த எழுத்து மட்டும் லேசா…"

"கீழ வைங்க! ஒண்ணை வழிச்சது போதாதா?"

அழுகை வந்தது அவளுக்கு. அழவும் செய்தாள், கூச்சப்படாமல். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, திறந்தது திறந்ததுதான் என்று, தொளதொளவென்று தொங்கிய சங்கிலிகளை இழுத்துக் கட்டினாள், புது எண்ணெய் ஊற்றினாள், மூடினாள். லேத்காரரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் சங்கடத்தோடு தலையாட்டினார். பம்பரத்துக்குப் பின்வரிசை.

விஷயம் அண்ணன் காதுக்குப் போகாமல் இருக்குமா? "பச்சைக் குழந்தைய எல்லாம் ஊர்வலத்துக்குக் கூட்டிட்டு வராத பாப்பா, சளி பிடிச்சிரும்" என்றான். மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஊர்வலத்தன்று வண்டிகள் எல்லாம் மைதானத்து வாசலுக்கு உள்ளே நின்றன. முதலில் அண்ணனின் டிராக்டர், முகம் பார்த்துத் தலைவாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்த நேரத்தில் அண்ணன் எஞ்சினை அணைத்துவைத்தான். அவர் வந்ததும் சாவியைத் திருப்பினான். டக். மறுபடியும் டக். அதற்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. டிராக்டர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது, அதற்குப் பின்னால் அத்தனை வண்டிகளும் ஹாரன் அடித்தன.

முன்னால் போய் இழுக்க வேண்டுமென்றால் டிராக்டருக்கும் மதிலுக்கும் நடுவே நுழைய வேண்டும். ஜீப் நுழையாது. கோழிக் கொட்டகைக்குள்ளேயே புகுந்து புறப்பட்ட பம்பரத்துக்கு அது ராஜபாட்டை. மேஸ்திரி வரிசையிலிருந்து நின்றவாக்கில் திரும்பி, சந்தில் நுழைந்து, வெளியே வந்து, பம்பரத்தின் பின்பக்கக் கொக்கியையும் டிராக்டரையும் சங்கிலியால் இணைத்தாள்.

"கியர்ல போட்டு கிளட்ச்ச விடு. பத்தடியில ஸ்டார்ட் ஆயிடும். அப்புறம் நான் ஒதுங்கிக்கறேன்" என்றாள் அண்ணனிடம்.

இழுத்தாள். லேத்காரர் உதட்டைப் பிதுக்கிய அந்த எஞ்சின் வஞ்சனை இல்லாமல் இழுத்தது. அது போட்ட சத்தத்தில் அவளுக்கு வேறெதுவும் கேட்கவில்லை. இதோ, இந்த முனையில் ஒதுங்கச் சொல்வான் என்று காத்திருந்தாள். முனை போனது, கடைத்தெரு போனது, பள்ளிக்கூடம் போனது. ஜனங்கள் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஊர்வலம் முடியும் மைதானம் வரை அவளேதான் முதல். காது வரைக்கும் சிரித்துக்கொண்டு போனாள்.

இறங்கியபோது அண்ணன் லேத்காரரிடம் அளந்துகொண்டிருந்தான். "பேட்டரி சுத்தமா படுத்துடுச்சுய்யா. என்ன செய்ய?"

பெயின்டர் அவளை ஓரமாக இழுத்தார். "பத்தடி கூட ஆகல, வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. நான் பக்கத்துலதானே நடந்து வந்தேன். மச்சான் அவராவே ஆஃப் பண்ணிட்டு, நியூட்ரல்ல போட்டுட்டு, என்னைப் பார்த்து வாயில விரல வச்சாரு."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?"

"என் வாய் நிக்கவா போகுது?"

மேஸ்திரிக்கு வந்த கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. நேராகப் போய் டிராக்டரின் பானெட்டைத் தூக்கினாள். பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தது. கவ்வியை ஆட்டிப் பார்த்தாள், ஆடியது. மேலுக்கு இத்தனை பாலிஷ் போட்டவனுக்கு இதைச் சுரண்டி ஒரு திருகு திருக நேரமில்லை. ஸ்பேனர் அவள் சட்டைப்பையிலேயே இருந்தது. ஒரு நிமிட வேலை.

அண்ணன் ஓடி வந்தான். "என்ன பாப்பா? செத்துப்போச்சா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஸ்பேனரை எடுக்காமலே பானெட்டை மூடினாள்.

"செத்துத்தான் போச்சுண்ணே. ஏறி உக்காரு. வீடு வரைக்கும் நானே இழுத்துட்டுப் போறேன்."

அண்ணன் ஏறி உட்கார்ந்தான்.