கையுறை போடாத கை

அலாரம் அடித்தது. ஓவன் எழுந்தான். கெட்டிலில் ஒரு கோப்பைக்கான தண்ணீர் ஊற்றினான். ரொட்டியை டோஸ்டரில் வைத்தான். குளித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். கசங்கிய சட்டையோடு போனால் அலுவலகத்துப் பெண்கள் தலையைச் சாய்த்துக்கொண்டு பேசுகிறார்கள். குளியலறை ஹீட்டர் கம்பியில் லியானின் கறுப்பு வெல்வெட் கையுறை தொங்கியது. அதை எடுத்து மணிக்கட்டு வரை மாட்டினான். கழற்றினான். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். வெளுப்பாக இருந்தது. கையுறையைத் திரும்பத் தொங்கவிட்டான். ரொட்டி ஆறிப்போயிருந்தது. தின்றுவிட்டுக் கிளம்பினான்.

மனைவி லியானைப் புதைத்த மறுநாளிலிருந்து தினமும் இதுதான்.

புதைத்த அன்று தேவாலய வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தான். அவர்கள் குடியிருக்கும் வால்டன் பகுதியே பாதி வந்திருந்தது. பல் மருத்துவமனையில் லியான் வரவேற்பில் உட்கார்ந்திருந்தவள், அதனால் மீதிப் பாதி லிவர்பூலுக்கும் அவளைத் தெரியும். வரிசையில் ஒரு நெட்டையான ஆள் வந்தான். நாற்பது வயது இருக்கும். புது சூட், பழைய ஷூ. ஓவன் அவனை அதற்கு முன் பார்த்ததில்லை.

"ரொம்ப வருத்தமா இருக்கு, தம்பி" என்று கையை நீட்டினான்.

நீட்டிய கை விரிந்திருந்த ஒரு கணத்தில் ஓவன் பார்த்துவிட்டான். உள்ளங்கை முழுக்க ஆரஞ்சு கலந்த பழுப்பு. ரேகைகளில் இன்னும் அடர்த்தி. ஓவன் பார்ப்பதை அவனும் பார்த்தான். கையைச் சட்டென்று இழுத்துக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

அந்த ஊரில் அதற்கு ஒரே பொருள்தான். ஒரு பெண்ணுக்கு, வெயிலில் காய்ந்த நிறம் தரும் டேன் பூச்சைத் தேய்த்துவிட்டிருக்கிறான், அதுவும் கையுறை இல்லாமல். காலுக்கும் வயிற்றுக்கும் அவளே தேய்த்துக்கொள்ளலாம். முதுகுக்கு இன்னொருவர் வேண்டும். அக்கா தேய்ப்பாள், கணவன் தேய்ப்பான், இல்லையென்றால் வேறு எவனாவது.

"யாரு அது?" என்று பக்கத்தில் நின்ற டொனாவிடம் கேட்டான். லியானின் அக்கா.

"லியானுக்குத் தெரிஞ்சவரு" என்றாள் டொனா. "வா, கார் நிக்குது." அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மரத்துப்போயிருந்த மனதில் முள்ளாகத் தைத்தது அந்த ஒன்றுதான்.

லியானுக்கு வியாழக்கிழமை என்றால் டேன். டொனாவின் முன்னறையில் துணிக்கூடாரம் ஒன்று நிற்கும். அதற்குள் நின்றுகொண்டால் டொனா ஸ்ப்ரே அடிப்பாள். அதற்கு முந்தின நாளே கால் முடியை மழித்து, உடம்பெல்லாம் நார் போட்டுத் தேய்த்திருக்க வேண்டும். முழங்கை, முட்டி, கணுக்கால் மூன்றுக்கும் கிரீம் பூச வேண்டும், இல்லாவிட்டால் அங்கே கறுப்பாகத் திட்டு விழும். அடித்து முடித்ததும் தொளதொள கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, தண்ணீர் படாமல், பாத்திரம் தொடாமல், இரண்டு கையையும் சோளக்கொல்லை பொம்மைபோல விரித்துக்கொண்டு வீடு வந்து சேர்வாள். வீடு முழுக்க பிஸ்கட் வாசனை அடிக்கும். படுக்கையில் காப்பிக்கொட்டை நிற விரிப்புதான். விடிந்ததும் சோப்பு போடாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுவாள். துண்டால் தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். பிறகு காலையும் இரவும் விடாமல் லோஷன். காய்ந்த தோல் திட்டுத்திட்டாக உரியும், சுவர்ப் பூச்சு போல. நடுவாரத்தில் முதுகு மங்கும்போது ஓவன்தான் கையுறை மாட்டிக்கொண்டு தேய்த்துவிடுவான். அது அவன் வேலை. அந்த இரண்டு கை அகலம் தன் பொறுப்பில் இருப்பதாக நினைத்திருந்தான்.

சந்தேகம் வந்துவிட்டால் தீனிக்குப் பஞ்சமில்லை. போன கோடையிலிருந்து லியான் நிறத்தைக் குறைத்துவிட்டாள். அதற்கு முன்பெல்லாம் அடர்த்தியாக, தேநீர் டிகாக்ஷன் போல இருப்பாள். திடீரென்று, "போட்டிருக்கறதே தெரியக் கூடாது, இயற்கையா இருக்கணும்" என்று ஆரம்பித்தாள். யாருக்காக? அவன் கேட்டதில்லை. இன்னொன்று. புதைப்பதற்கு முந்தின மாலை பெட்டியை மாமியார் மோரீன் வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னறையில் திறந்து வைத்திருந்தார்கள். அடக்கம் செய்பவர்களிடம் ஓவன் முன்னமே கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்: முகத்திலோ உடம்பிலோ எதையும் பூசாதீர்கள். டொனா அப்போது சண்டைக்கு வந்தாள்.

"குப்பை கொட்டக்கூட டேன் இல்லாம வெளிய போகாதவடா அவ."

"அவ அவளாவே போகட்டும்" என்றான் ஓவன். அவளுடைய சொந்த நிறத்தைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். குளித்துவிட்டு வரும்போது, காய்ச்சலில் கிடந்தபோது. பால்வெள்ளை, தோளில் மட்டும் புள்ளிகள். கடைசியாக ஒரு தடவை அது வேண்டுமென்று தோன்றியது.

அன்று மாலை பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "பாருங்க, இதான் அவ. எவ்வளவு இயற்கையா இருக்கா." மோரீன் தரையைப் பார்த்தாள். டொனா வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். துக்கம் என்று நினைத்தான். மறுநாள் அந்தக் கையைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை. குடும்பத்துக்கே தெரிந்திருக்கிறது, தனக்குத்தான் தெரியாது என்று நினைத்தான்.

ஓவனின் வேலை கறை பார்ப்பது. கல்லூரியில் கட்டடவியல் படித்துவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தவன். தண்ணீர் ஒழுகிய வீடுகளுக்குப் போய், கறை எப்போது வந்தது, சொல்வது மெய்யா பொய்யா என்று எழுதிக் கொடுப்பான். அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து, பூட்டில் பகுதியில் ஒரு வீட்டுக்குப் போனான். சமையலறைக் கூரையில் தட்டளவு பழுப்பு வட்டம். வீட்டுக்காரர் பெரியவர், நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏணியடியில் நின்றார்.

"கிறிஸ்துமஸ் புயல்ல ஒழுகினதுப்பா. அப்பத்தான் பாலிசி நடப்புல இருந்துச்சு."

ஓவன் ஏணியில் ஏறி விரலால் தடவினான். "இது கிறிஸ்துமஸ் இல்ல. ஓரம் இன்னும் மங்கல பாருங்க. போன வாரத்துது."

"அடப்பாவி, கறைக்கெல்லாமா வயசு இருக்கு?"

"இருக்கு" என்று சொன்னவன் ஏணியிலேயே நின்றுவிட்டான்.

உள்ளங்கை டேன் ஒரு வாரம் தாங்காது. நாலு தடவை கை கழுவினால் வெளுக்கத் தொடங்கிவிடும். அந்த ஆளின் கையில் ரேகை ரேகையாக அடர்ந்திருந்தது. லியான் இறந்து, பிரேதப் பரிசோதனை முடிந்து, புதைக்கும்போது ஏறக்குறைய மூன்று வாரம் ஆகியிருந்தது. ஊரார் வீட்டுக் கூரையில் கண்டுபிடிக்கிறவன் தன் கண்ணெதிரே நீட்டிய கையில் கோட்டைவிட்டிருக்கிறான். அந்தக் கையில் ஒட்டியிருந்தது உயிரோடிருந்த லியான்மேல் தேய்த்தது இல்லை.

நிம்மதி வரவில்லை. அப்படியென்றால் டொனா எதை மறைத்தாள்?

"தம்பி, இறங்கப் போறியா, அங்கயே குடியிருக்கப் போறியா?" என்றார் பெரியவர்.

நேராக டொனா வீட்டுக்குப் போனான். மறுநாள் ஏன்ட்ரீ குதிரைப் பந்தயத்தில் பெண்கள் தினம், ஊர்ப் பெண்களெல்லாம் அலங்கரித்துக்கொண்டு போகும் நாள். தெருவே அவள் வீட்டில்தான் இருந்தது. படிக்கட்டில் மூன்று பேர் கறுப்பு அங்கியில் கையை விரித்து நின்றார்கள். முன்னறைக் கூடாரத்துக்குள் யாரோ இருந்தார்கள். டொனா ஸ்ப்ரே துப்பாக்கியோடு திரும்பினாள்.

"ஓவன்! சொல்லிட்டு வரக் கூடாது? உள்ள பெர்னி நிக்கிறா, காகித ஜட்டியோட."

"அந்தக் கை யாரோடதுன்னு சொல்லு, டொனா. போயிடறேன்."

"எந்தக் கை?"

"தேவாலய வாசல்ல. பழுப்புக் கை. லியானுக்குத் தெரிஞ்சவருன்னியே."

டொனா துப்பாக்கியை நிறுத்தினாள். மோட்டார் சத்தம் அடங்கியது.

"நிறுத்தாதடி, பாதி முதுகு பாக்கி" என்றது கூடாரம்.

"வாய மூடு, பெர்னி."

"மூடிட்டுத்தான் நிக்கிறேன். வேற எதுவும் மூடல."

டொனா கதவைச் சாத்தினாள். "அவரு பேரு கிரெய்க். என் ஆளு. போதுமா? எனக்கு இன்னும் விவாகரத்து ஆகல. அம்மாவுக்குத் தெரிஞ்சா பாதிரியாரக் கூட்டியாந்து வீட்டுக்குத் தண்ணி தெளிப்பா. அதான் அப்படிச் சொன்னேன்."

"சரி. உன் ஆளு. கை ஏன் அப்படி இருந்துச்சு?"

"எனக்கு முதுகு தேச்சாரு."

"நீ ஸ்ப்ரே அடிக்கிறவ, டொனா. இருபது கையுறை வச்சிருக்கிறவ."

கூடாரத்துக்குள் பெருமூச்சு கேட்டது.

"சொல்லித்தொலையேண்டி" என்றாள் பெர்னி. "நான் காஞ்சிட்டு வர்றேன், நீ சொல்ல மாட்டேங்கற."

"உனக்குமா தெரியும்?" என்றான் ஓவன் கூடாரத்தைப் பார்த்து.

"தெரியாதவன் நீ மட்டுந்தான், ராசா."

பின்வாசல் கதவு திறந்தது. கிரெய்க் இரண்டு கையிலும் பொரித்த மீன் பொட்டலங்களோடு வந்தான். ஓவனைப் பார்த்ததும் நின்றான். பொட்டலங்களை மேசையில் வைத்தான். கை இப்போது வெறும் கை. நகத்தடியில் வெள்ளைப் பெயின்ட்.

"கேக்க வந்துட்டியா, தம்பி?" என்றான். "கேப்பன்னு தெரியும். அன்னைக்கே பாத்துட்ட."

"நீ பேசாத" என்றாள் டொனா. ஓவனிடம் திரும்பினாள். "நாங்கதான் லியானுக்கு டேன் போட்டுவிட்டோம். துணி மாத்திவிடறோம்னு சொல்லிட்டு அடக்கம் செய்யறவங்க இடத்துக்கு அவளப் பாக்கப் போனோம். நீ அதுவரைக்கும் போய்ப் பாக்கல. பாத்திருந்தா நீயே சொல்லியிருப்ப. மூணு வாரம் குளிர்ல கெடந்தவ. அவளாவே போகணுமாம்! சாம்பலா இருந்தா, ஓவன். அம்மா பாத்தா அங்கயே விழுந்திருப்பா."

"மெஷினை உள்ள கொண்டுபோக விடல" என்றான் கிரெய்க். "அதான் கையால. நான் வேன்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஓரம் தெரியாமக் கலக்கத் தெரியும். அதுக்குத்தான் இவ என்னக் கூட்டிட்டுப் போனா."

"கையுறை?"

"போட்டுத்தான் ஆரம்பிச்சேன். குளிர்ந்த தோல்ல வெல்வெட் இழுத்துச்சு, கோடு கோடா விழுந்துச்சு. ரப்பரும் அப்படித்தான். கழட்டிட்டேன். வெறுங்கையில சரியா வந்துச்சு."

ஓவன் அவன் கையையே பார்த்தான்.

"லேசாத்தான் போட்டோம்" என்றாள் டொனா. "நீ கண்டுபிடிக்கக் கூடாதுன்னு. அவ போட்டுக்கற அளவுக்குத்தான். நீ வந்து நின்னு, 'எவ்வளவு இயற்கையா இருக்கா'ன்னியே." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தத் தடவை அவள் எதைப் பொத்துகிறாள் என்று ஓவனுக்குத் தெரிந்தது. அது சிரிப்பும்தான், அழுகையும்தான்.

"போன கோடையிலேருந்து ஏன் நிறத்தைக் குறைச்சா?" என்று கேட்டான். அது ஒன்று மிச்சம் இருந்தது.

"உனக்காகத்தாண்டா, முட்டாளே. கல்யாண ஆல்பத்தப் பாத்துட்டு நீதான சொன்ன, வார்னிஷ் அடிச்ச அலமாரியக் கட்டிக்கிட்டேன்னு. இங்க வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அடுத்த வாரமே, லேசா அடி டொனா, அவன் கண்டுபிடிக்கிறானா பாப்போம்னா."

"நான் கண்டுபிடிக்கல."

"அதையும் வந்து சொன்னா."

கூடாரத்துக்குள்ளிருந்து பெர்னி மூக்கை உறிஞ்சினாள். "அழ வெக்காதீங்கப்பா. மூஞ்சியில கோடு விழுந்துரும்."

கிரெய்க் ஒரு பொட்டலத்தைப் பிரித்து ஓவன் பக்கம் தள்ளினான். ஓவன் ஓர் உருளைக்கிழங்குத் துண்டை எடுத்தான். சூடாக இருந்தது. வினிகர் கண்ணில் ஏறியது.

"முதுகும் செஞ்சீங்களா?" என்றான்.

"யாரு பாக்கப் போறான்னு நான் கேட்டேன்" என்றான் கிரெய்க். "இவ விடல. புரட்டிப் பிடிச்சுக்கிட்டா."

"முதுகை விட்டா அவ எழுந்து கேப்பா" என்றாள் டொனா. "சரி, பேசினது போதும். அவ உங்கிட்டச் சொன்ன கடைசி வார்த்தைய அம்மா மலர்வளையத்துல எழுதி வெச்சது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. 'பாத்து ஓட்டு, லவ் யூ.' எங்க லியான் அப்படியெல்லாம் பேசுவாளான்னு ஆச்சரியமாத்தான் இருந்துச்சு."

ஓவன் உருளைக்கிழங்கை மென்று விழுங்கினான். லியான் கடைசியாக என்ன சொன்னாள் என்று மோரீன் ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் வைத்துக் கேட்டாள். அவன் வாயில் வந்ததைச் சொல்லிவைத்தான்.

"அவ அப்படிச் சொல்லல" என்றான்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை காலை லியான் டேனை அலசிவிட்டு வந்து, துண்டை இடுப்புக்கு இறக்கி, படிக்கட்டின் மேலே அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டாள். அவன் கீழே கோட்டுப் பைகளில் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். "நல்லாயிருக்கு" என்றான். சாவி கிடைத்தது. கதவைத் திறந்தான். மதியம் வேலையிடத்திலேயே அவள் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பேச்சு இல்லை.

டொனா துப்பாக்கியைக் கையில் வைத்தபடி காத்திருந்தாள்.

"பின்ன என்னதான் சொன்னா?"

லியான் படிக்கட்டிலிருந்து சொன்னதை ஓவன் அப்படியே சொன்னான்:

"பாத்துட்டுச் சொல்றியா, இல்ல பாக்காமயே சொல்றியா?"