முப்பத்துமூன்று எங்கே போனது

ஐஸ்லாந்தின் வடமேற்குக் கரையில் ஒரு சிற்றூர். அதன் நீச்சல் குளத்துக் காவலாளி ஸ்டெயின்வோருக்கு அந்தச் சனிக்கிழமை காலையில் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. கணினி நிரல் எழுதப் பழகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு வெந்நீர்த் தொட்டிகளின் சூட்டை இடம் மாற்றிவிட்டாள்.

இதுவரை தெற்குத் தொட்டியில் கைக்குழந்தைகளுக்கு முப்பத்துமூன்று டிகிரி. வடக்கில் கிழங்களுக்கு நாற்பத்துநான்கு. கொஞ்சம் குறைந்தாலும் மூக்கால் அழுவார்கள். இப்போது வடக்கில் காற்றுத் தடுப்புச் சுவர் எழுப்பியிருந்ததால், இன்று முதல் குழந்தைகள் அங்கே, கிழங்கள் தெற்கே.

"ரெண்டே வரி," என்றாள், மேல் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்த சக காவலாளி தோர்கில்ஸிடம். "நிரல்ல 'மாறி'ன்னு ஒண்ணு உண்டு, பேர் ஒட்டின டப்பா மாதிரி. உள்ள ஒரு எண் இருக்கும். முதல் வரியில, வடக்குல இருக்கறத தெற்குல போடுன்னேன். அடுத்ததுல, தெற்குல இருக்கறத வடக்குல போடுன்னேன். முடிஞ்சுது."

"பெரிய ஆளாயிட்ட. இனிமே எங்ககூடல்லாம் பேசுவியா?" அவன் காபியை உறிஞ்சினான். "டப்பாவுல ஒரே ஒரு எண்ணுதான நிக்கும்?"

"ஆமா."

"அப்ப தெற்குல நாப்பத்துநாலு விழுந்ததும், அங்க இருந்த முப்பத்துமூணு எங்க போச்சு?"

"வடக்கு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அது எங்கும் போகவில்லை. முதல் வரியிலேயே அழிந்துவிட்டது. இரண்டாவது வரி, அதே நாற்பத்துநான்கைத்தான் திரும்ப வடக்கில் போட்டிருக்கிறது.

அவள் கணினிப் பக்கம் திரும்பினாள். திரையில் இரண்டு தொட்டிக்கும் பச்சை விளக்குதான். கேட்ட சூட்டில் தண்ணீர் இருக்கும்போது இயந்திரம் ஏன் கத்தப் போகிறது?

ஜன்னலுக்கு வெளியே, வடக்குத் தொட்டிப் படியில் அவள் தம்பி ஈஸ்லெய்வுர் இறங்கிக்கொண்டிருந்தான். தோளில், இன்னும் பேர்கூட வைக்காத அவன் மகள். பின்னால் மற்ற பெற்றோர் குழந்தைகளோடு வரிசையில் நின்றார்கள்.

அவள் ஓடினாள். பனி உறைந்த தரை வழுக்கிற்று, முழங்கால் சிராய்ந்தது. கத்தத்தான் பார்த்தாள், தொண்டையில் காற்றுதான் வந்தது. விசில் கழுத்தில் தொங்குகிறது என்பதுகூட நினைவில்லை. எட்ட மாட்டேன், எட்ட மாட்டேன் என்று மட்டும் தெரிந்தது.

ஈஸ்லெய்வுர் முழங்கால் ஆழத்தில் முகத்தைச் சுளித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வெறுங்காலோடு பனியில் நடந்து வருகிறவர்களுக்கு எந்த வெந்நீரும் முதலில் சுடும். அந்த நேரத்தில் காலின் பேச்சை அங்கே யாரும் நம்புவதில்லை.

"கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் நின்னா சரியாயிடும்," என்று பின்னால் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே குழந்தையைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தினான்.

பிஞ்சுக் குதிகால் நீரைத் தொடுமுன் ஸ்டெயின்வோர் அவளைப் பிடுங்கினாள்.

"அக்கா, என்ன இது?"

"வெளிய வா. யாரும் எறங்காதீங்க. நாப்பத்துநாலு." குரல் இப்போதுதான் வந்தது. "நான்தான். நான் தப்பா எழுதிட்டேன்."

அவன் ஏறி வந்து தன் கால்களைக் குனிந்து பார்த்தான். முழங்கால் வரை செக்கச்செவேலென்று இருந்தன. குழந்தை குளிரில் வீறிட்டது. ஸ்டெயின்வோர் தன் கோட்டைத் திறந்து அவளை உள்ளே அணைக்கப் போனாள்.

"குடு," என்றான் தம்பி.

"குளிருதுடா, நான் உள்ள கொண்டு போறேன்."

"குடுக்கா."

அவன் திட்டவில்லை. குழந்தையை வாங்கித் துண்டில் சுற்றினான். பிறகு, அவள் கை எட்டாதபடி தோளைத் திருப்பிக்கொண்டு உள்ளே நடந்தான்.