பதினேழாம் படி

அன்று வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். தாமாகவே படிக்கிறவர்கள் ஜன்னலோரம்; கூட்டாளியோடு படிக்கிறவர்கள் நடுவில்; டீச்சர் பக்கத்திலிருந்து சொல்லித்தர வேண்டிய ஐந்து பேர் கரும்பலகையை ஒட்டி. கதவருகே நாற்காலியில் மேற்பார்வையாளர் ருத்ரப்பா.

சுவரிலுள்ள ஏணிப் படத்தில் படிப்பில் அவரவர் எட்டிய படியில் அவரவர் பெயரட்டை இருக்கும். கரும்பலகையை ஒட்டி உட்காரும் ஹொன்னவ்வா இருந்தது ஒன்பதாம் படியில். மேற்பார்வையாளர் வருகிறார் என்றதும், பயத்தில் அந்த அட்டையைக் கிரிஜம்மா டீச்சர் பதினேழில் செருகி, சிறுமியை ஜன்னலோரம் உட்காரவைத்திருந்தாள்.

ருத்ரப்பாவின் விரல் அந்த அட்டையிலேயே போய் நின்றது.

"எங்க, ஹொன்னவ்வா, இந்தக் கதைய வாசி பாப்போம்."

சிறுமி புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாய்ல என்ன கடுபுக் கொழுக்கட்டை வச்சிருக்கியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"பதினேழுல நிக்கிற பிள்ளைக்கு ஓரெழுத்து வரல. மூளையில ஏதோ குறை இருக்கு மேடம். வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி கல்வி அதிகாரிக்கு எழுதறேன்" என்று குறித்துக்கொண்டு அவர் கிளம்பினார்.

மணியடித்ததும் ஹொன்னவ்வா வந்து நின்றாள். "டீச்சர், நாளைக்கும் ஜன்னல் பக்கந்தான் உக்காரணுமா?"

"வேண்டாம் தாயி. என் பக்கத்துலயே உக்காரு."

அட்டையை ஒன்பதில் திருப்பி வைத்துவிட்டு, டீச்சர் கல்வி அதிகாரிக்கு எழுதினாள்: 'அட்டையை நகர்த்தியது நான். பிள்ளையிடம் குறையில்லை.' எந்தக் காட்டுக்குத் தூக்கியடிப்பார்களோ, வேலையே போய்விடுமோ என்ற பயம் போகவில்லை. பயத்தோடேயே உறையை ஒட்டி, தாலுகா பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள்.