ஒன்றை மட்டும் விட்டுவிட்டு

ரஞ்சித் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். கீழே போய்த் தண்ணீர் பிடித்துவந்தான். ஒரு குடம் போதும் இப்போது. பால் பாக்கெட்டைக் கத்தரித்து டீ போட்டு, நின்றபடியே குடித்தான். குளித்தான். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டான்; முதலில் காலர், பிறகு கை, பிறகு முதுகு. பட்டன் மாறிப் போய்விட்டது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து போட்டான். இன்று தாலுக்கா ஆபீசில் விசாரணை.

கதவு தட்டப்பட்டது. மனைவி பவானியின் அக்கா ராமசெல்வி நின்றாள். அவளுக்குப் பின்னால், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடி, இறால் கம்பெனிக்கு ஆள் விடும் மேஸ்திரி சுப்புராயன்.

“டீ குட்ச்சியா தம்பி?” என்றாள் ராமசெல்வி.

“குடிச்சிட்டேன்க்கா.” பவானி கூப்பிட்டதைப் போல அவனும் அவளை அக்கா என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தான்.

சுப்புராயன் செருப்போடு உள்ளே வந்துவிட்டான். “நைனா, நான் சுத்தி வளைச்சுப் பேசறவன் இல்ல. கம்பெனி வக்கீல் தெளிவா சொல்ட்டாரு. நீ எல்லாத்தயும் சொல்லு, யாரும் வாணாங்கல. ஒண்ணே ஒண்ண மட்டும் ஒமிட் பண்ணிடு. அந்த டோக்கன் விஷயத்த. பவானி அவங்கக்காவுக்கு சாப்பாடு குடுக்க வந்துச்சு. அவ்ளோதான்.”

ஒமிட். அந்தச் சொல்லை இந்த வீட்டில் கடைசியாகச் சொன்னவள் பவானி.

வாரத்தில் மூன்று சாயங்காலம் டோல்கேட்டில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். துணிக்கடைக் கவுன்ட்டர் வேலைக்கு இங்கிலீஷ் கேட்டார்கள். மாஸ்டர் வாரத்துக்கு ஒரு வினைச்சொல் கொடுப்பார். வீட்டில் நடப்பதையெல்லாம் அந்தச் சொல்லை வைத்து வாக்கியமாக்கிப் பேச வேண்டும். கடைசியாகக் கொடுத்த சொல் ‘ஒமிட்’. விட்டுவிடுவது, சேர்க்காமல் தள்ளுவது. அந்த வாரம் அடுப்படி முழுக்க அதுதான் ஓடியது.

“ஐ ஒமிட் சால்ட் இன் யுவர் ரசம்.”

“ஏன்?”

“மறந்துட்டேன்.”

“மறந்தா அது ஒமிட் இல்ல. வேணும்னே விடணும்.”

“அப்ப வேணும்னேதான் வுட்டேன். துன்னு.”

இன்னொரு நாள், “வாட்டர் லாரி ஒமிட் அவர் ஸ்ட்ரீட்” என்றாள். அப்படிச் சொல்லமாட்டார்கள் என்றான் இவன். பி.காம். படித்தவன், கன்டெய்னர் யார்டில் பில் போடுகிறவன். “லாரி வந்துச்சா?” என்று கேட்டாள். “வரல.” “அப்ப கரீட்டு. படிச்சவன்னு ரொம்பப் பேசாத.”

அந்த வாரம் முடிவதற்குள்தான் ராமசெல்வியின் மகளுக்குக் காய்ச்சல் வந்தது.

இறால் உரிக்கும் ஷெட்டில் பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கழுத்தில் தொங்கும் டோக்கனின் நம்பர்தான் ஆள். காலில் முழங்கால் வரை ரப்பர் கம்பூட்ஸ் போட வேண்டும், உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. ஒரு நாள் வராவிட்டால் டோக்கன் வேறொருத்திக்குப் போய்விடும். அதனால் ஒருத்திக்கு முடியாதபோது தங்கையோ நாத்தனாரோ அந்த டோக்கனை மாட்டிக்கொண்டு போவாள். குப்பத்தில் எல்லோரும் செய்வது. சுப்புராயனுக்கும் தெரியும், நம்பர் குறையாதவரை அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அன்று அக்காவின் டோக்கனில் பவானி போனாள். ஐஸ் ரூமில் அமோனியா கசிந்தது. முன்பக்கம் இருந்தவர்கள் ரோட்டுக்கு ஓடிவிட்டார்கள். பின்பக்கம் இருந்த பவானி பின்கதவுக்கு ஓடினாள். இறாலை யாரும் வெளியே கடத்திவிடக் கூடாதென்று அதைப் பூட்டிவைத்திருந்தார்கள்.

உடலைக் கொடுத்தபோது கழுத்தில் டோக்கன் இல்லை. யாரோ கழற்றியிருந்தார்கள்.

“டோக்கன் மாத்தினது தெரிஞ்சா குப்பத்துல பாதிப் பேர வெளிய அனுப்பிடுவாங்கோ தம்பி” என்றாள் ராமசெல்வி. “நான் போயிருக்க வேண்டிய எடம். தெரியாதா எனக்கு? செத்தவ செத்துட்டா. கீறவங்க துன்னணும்ல.”

ரஞ்சித் அவளையே பார்த்தான். “நாளைக்கு வேலைக்குப் போறியாக்கா?”

“போறேன்.”

“அந்தக் கதவு இப்போ தொறந்து கீதா?”

 ராமசெல்வியின் கண் சுப்புராயனின் இடுப்புக்குப் போய்த் திரும்பியது. அங்கே சாவிக்கொத்து தொங்கியது.

“இன்னாக்கா அங்க பாக்குற?” என்றான் சுப்புராயன். “நேரமாவுது, கெளம்பு நைனா. ஆட்டோ நிக்கிது.”

தாலுக்கா ஆபீசில் மின்விசிறி சத்தத்தோடு சுற்றியது. விசாரணை அதிகாரி நடுத்தர வயதுப் பெண். பக்கத்தில் கம்பெனி வக்கீல். பின்வரிசையில் ராமசெல்வி, கதவோரம் சுப்புராயன்.

“உங்க மனைவி அந்தக் கம்பெனிக்கு எதுக்காகப் போனாங்க?”

“சாப்பாடு...” என்றான் ரஞ்சித். “சாப்பாடு கொடுக்க.”

பின்னால் ராமசெல்வி மூச்சு விடுவது கேட்டது.

“உள்ளேயிருந்து அவங்க உங்களுக்கு போன் பண்ணியிருக்காங்க. போலீஸ்ல கேட்டப்போ ஒண்ணும் சரியா கேக்கலன்னு சொல்லியிருக்கீங்க.”

“கேட்டுச்சு மேடம்.”

வக்கீல் நிமிர்ந்தார்.

“கம்பூட்ஸுக்குள்ள போன் ஒளிச்சு வெச்சிருந்தா. பின்கதவு பூட்டியிருக்குன்னு சொன்னா.”

இவ்வளவு போதும் என்று நினைத்தான். கதவைச் சொல்லியாகிவிட்டது, அக்காவைச் சொல்லவில்லை. ஆட்டோவில் வரும்போது இப்படித்தான் மனதுக்குள் பிரித்து அடுக்கியிருந்தான்.

வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. “மேடம், சாப்பாடு கொடுக்க வந்தவங்க கேட்லதான் நிக்கணும். ஷெட்டுக்குள்ள, அதுவும் பின்பக்கம், அவங்களுக்கு என்ன வேலை? சாப்பாடு கொடுக்க வந்தவங்களுக்கு எதுக்கு கம்பூட்ஸ்? இவர் சொல்றது ஒண்ணோட ஒண்ணு ஒட்டல. எந்தக் கதவுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? வழி தெரியாம ஸ்டோர் ரூம் கதவைத் தட்டியிருப்பாங்க. எங்க பின்கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும். அன்னைக்கு வேலைக்கு வந்தவங்க எல்லாரும், இதோ உட்கார்ந்திருக்கிற ராமசெல்வி உட்பட, பத்திரமா வெளியே வந்துட்டாங்க.”

அதிகாரி ராமசெல்வியைப் பார்த்தார். “நீங்க அன்னைக்கு உள்ளே இருந்தீங்களா?”

ராமசெல்வி எழுந்து நின்றாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். கதவோரத்தில் சுப்புராயன் இருமினான்.

அவள் தலையை ஆட்டப் போகிறாள் என்று ரஞ்சித்துக்குத் தெரிந்தது. ஆட்டிவிட்டால் பவானி அந்த ஷெட்டில் வேலையே செய்யவில்லை. வழி தவறி வந்து செத்தவள். நாளைக்கு அதே பூட்டுக்கு முன்னால் அக்கா உட்கார்ந்து இறால் உரிப்பாள்.

“அக்கா, உக்காரு” என்றான்.

அவள் உட்காரவில்லை.

“சாப்பாடு கொடுக்கப் போனான்னு நான் சொன்னது பொய், மேடம். இவங்க டோக்கன்லதான் அவ வேலைக்குப் போனா. அங்க எல்லாரும் அப்படித்தான் போவாங்க. மேஸ்திரிக்கும் தெரியும்.”

சுப்புராயன் ஏதோ கத்தினான். அதிகாரி கையைக் காட்டி அவனை அடக்கினார். ராமசெல்வி “தம்பி” என்றாள். கெஞ்சலா, திட்டா, தெரியவில்லை.

“போன்ல சொன்னதை முழுசா சொல்லுங்க” என்றார் அதிகாரி. “அவங்க சொன்ன மாதிரியே.”

ரஞ்சித் அதை யாரிடமும் சொன்னதில்லை. முக்கியமாக அக்காவிடம். அவன் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, பவானி இருமிய இடங்களில் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

“பின்னாடி கதவு பூட்டிக்கீதுய்யா. சாவி அந்தாளுகிட்ட. தட்டிப் பாத்துட்டேன்... நல்ல வேள, அக்கா வர்ல.”