உறை போட்ட கைக்கு ஒரு பிடி

மீன் ஆலையில் கத்தி பிடித்துப் பிடித்தே தோரிலின் மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. மகள் சுன்னிவா ஊர்ப் பட்டறையில் கணினியில் வரைந்து, விரலுக்கொரு குழி வைத்து, முப்பரிமாண அச்சு எந்திரத்தில் புதுக் கத்திப்பிடி அச்சடித்துக் கொண்டுவந்தாள்.

வேலைக்குக் கிளம்பி, கையுறையும் மாட்டி நின்ற தோரில் வாங்கிப் பிடித்தாள். விரல்கள் குழிக்குள் இறங்கவில்லை.

"வெறுங்கையை அளந்திருக்கியேடி! கம்பளியுறை, அதுக்கு மேல ரப்பருறை போட்டுத்தானே மீன் அறுக்குறேன்? விடு, வலி பழகிருச்சு."

"எனக்குப் பழகலம்மா. உறையைக் கழட்டாதே, கையை நீட்டு."

சுன்னிவா உறையோடு ஒவ்வொரு விரலையும் அளந்தாள்.

"வேலை முடிஞ்சதும் இதே உறையோட பட்டறைக்கு வா. அங்கேயே பிடிச்சுப் பாரு."

"மீன் நாத்தத்துல எல்லாரும் ஓடிருவாங்கடி!"

"ஓடட்டும். எந்திரம் ஓடிப்போகாதுல்ல?"

பிடியைப் பையில் போட்டுக்கொண்டு சுன்னிவா பனியில் இறங்கி நடந்தாள்.