பத்துக்கு இரண்டு

சிகந்தராபாத் தமிழர்களுக்கு ஒரு வியாதி உண்டு. இன்னொரு தமிழ்க் குரல் காதில் விழுந்தால் போதும், கையிலிருக்கும் வேலையை மறந்து "எந்த ஊரு?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மாரெட்பள்ளி லோயிஸுக்கு அது முற்றிய வியாதி. குழந்தைகள் மருத்துவமனையில் சீனியர் நர்ஸ். எந்தக் குழந்தைக்கு எவ்வளவு வலி என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்று வார்டில் அவளுக்குப் பேர். அவளும் அதை நம்பினாள்.

ஹம்ஸினிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் ஸ்கேட்டிங் செய்யும்போது விழுந்து வலது முன்கை முறிந்து, மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். அவள் அம்மா ரஷ்மி போனில், "தூங்கிண்டிருக்கா, அப்புறம் பேசறேன்," என்று சொன்னது காதில் விழுந்ததுமே லோயிஸ் உருகிப்போனாள். அந்தப் படுக்கை அன்றைக்கு இன்னொரு நர்ஸ் புஷ்பாவின் பொறுப்பு. "எங்க தமிழ்ப் பிள்ளை, நான் பார்த்துக்கொள்கிறேன்," என்று தெலுங்கில் சொல்லி வாங்கிக்கொண்டாள். புஷ்பாவுக்கென்ன, ஒரு படுக்கை குறைந்தால் லாபம்.

"அப்பாடா, நம்ம பாஷை பேசறவா கிடைச்சேளே," என்றாள் ரஷ்மி. "நேக்கு இந்தத் தெலுங்கு இன்னும் வாயில நுழையலை."

"நான் இருக்கேம்லா, கவலையே படாதீங்க."

பேச்சு நாசரேத்தில் கிளம்பிக் கும்பகோணம் வரை போனது. நடுவே குழந்தையிடம், "வலிக்காம்மா? பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டாள்.

"ரெண்டு ஆன்ட்டி," என்று சிரித்தாள் ஹம்ஸினி.

அவள் ஹைதராபாத்தில் பிறந்த குழந்தை. அடம், கோபம், சண்டை எல்லாம் தெலுங்கிலும் ஹிந்தியிலும்தான். தமிழ் என்பது ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களுக்கு. நன்னா இருக்கியா என்று கேட்டால் நன்னா இருக்கேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இது லோயிஸுக்குத் தெரியாததா? அவள் மகன் பிளஸ்ஸனே "வேண்டாம்மா" என்றால் கொஞ்சம் கெஞ்சிப் பார்க்கலாம். "நக்கோ மம்மி" என்றால்தான் நிஜமாகவே வேண்டாம்.

மாவுக்கட்டுக்குள் வீக்கம் கூடிச் சதை நெரிபட்டால் முதலில் தெரிவது வலிதான். மருந்துக்கும் அடங்காமல் ஏறினால் கட்டை உடனே பிரித்தாக வேண்டும். தாமதித்தால் விரல்கள் வீணாகிவிடும். புதிதாக வரும் நர்ஸ்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே லோயிஸ்தான். மத்தியானம் ஹம்ஸினியின் விரல்களை மெல்ல நீட்டிப் பார்த்தாள். குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தூக்கம் வரது ஆன்ட்டி," என்றது. நகத்தை அழுத்திவிட்டு எடுத்தாள், சிவப்பு திரும்பியது, ரத்தம் ஓடுகிறது. வலி எவ்வளவு? ரெண்டு.

"நம்ம பிள்ளைன்னா சும்மாவா, என்ன தைரியம் பாருங்க!" என்று பெருமைப்பட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.

சாயங்காலம் பக்கத்துப் படுக்கைக்கு சலைன் மாற்ற வந்த புஷ்பா, போகிற போக்கில், "ஏம்மா, நொப்பி உந்தா?" என்று கேட்டாள். வலிக்கிறதா என்றுதான் அவளும் கேட்டாள்.

ஹம்ஸினியின் உதடு பிதுங்கியது. "சாலா நொப்பி அக்கா! பொத்துன்னுஞ்சி... தட்டுகோலேகபோதுன்னா!"

காலையிலிருந்து தாங்க முடியவில்லை என்று அவள் கதறியதில் வார்டே திரும்பிப் பார்த்தது. ரஷ்மிக்குப் பாதிதான் புரிந்தது. லோயிஸுக்கு முழுதும் புரிந்தது.

புஷ்பாதான் டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் வந்து கட்டை வெட்டியெடுத்தார். அன்றே அறுவை சிகிச்சை நடந்தது. கை பிழைத்தது, விரல்கள் மட்டும் பழையபடி நிமிரவில்லை. "இன்னும் கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா..." என்றார் டாக்டர், யாரையும் பார்க்காமல்.

ரஷ்மி இல்லாத நேரமாகப் பார்த்து லோயிஸ் படுக்கையருகே உட்கார்ந்தாள். "என்ட்ட ஏம்மா சொல்லல?"

ஹம்ஸினி யோசித்தாள். "நீங்களும் அம்மாவும் ரொம்ப ஹேப்பியா இருந்தேள் ஆன்ட்டி."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அன்று வீட்டுக்குப் போனவள் சாப்பிடவே இல்லை.

இப்போது ஹம்ஸினி வாரா வாரம் பிசியோதெரபிக்கு வருகிறாள். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்துவது லேசுப்பட்ட வலியில்லை. கத்து, அழு, என்னைத் திட்டு, ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்று மட்டும் சொல் என்று தெரபிஸ்ட் ஹர்ஷிதா பழக்கியிருக்கிறாள். குழந்தையும் தெலுங்கில் அழுது ஹிந்தியில் திட்டித் தீர்க்கிறது.

ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்டு லோயிஸ் இறங்கி வந்து கதவருகே நின்றாள். உள்ளே போய் அந்தத் தலையைத் தடவிக்கொடுக்க மனம் துடித்தது. அதற்குள் ஹம்ஸினி அவளைப் பார்த்துவிட்டாள். அழுகை சட்டென்று நின்றது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஹர்ஷிதா விரலை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினாள். குழந்தைக்கு நெற்றி வேர்த்தது, சிரிப்பு மாறவில்லை.

லோயிஸ் பின்வாங்கிக் கதவைச் சாத்தினாள். அவள் நடைவழியில் பாதி தூரம் போன பிறகுதான் உள்ளே ஹம்ஸினி மறுபடி அழ ஆரம்பித்தாள்.