பதிஞ்சிடுச்சி நைனா

பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது, துளசிராமன் டேப்ரிக்கார்டரைக் கொண்டுவந்து அப்பாவின் பிணத்தின் தலைமாட்டில் வைத்தான். சித்தியின் தோளில் முகம் புதைத்திருந்த அக்கா ஜானகியம்மாள் ஓரக்கண்ணால் பார்த்தாள். தம்பியின் விரல்கள் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கின. கறுப்பும் சிவப்பும்.

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

கறுப்பை மட்டும் அமுக்கினால் பாடும். சிவப்பையும் சேர்த்து அமுக்கினால் குரலைப் பிடிக்கும். முன்னே இருந்தது அழிந்துபோகும். பர்மா பஜாரில் வாங்கி வந்த அன்று ஆரம்பாக்கத்தில் பாதித் தெருவுக்கு இதை விளக்கியவனே அவன்தான்.

போன வாரம், பேரப்பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்று, படுக்கையில் கிடந்த அப்பாவிடம் பெட்டியை நீட்டி ஏதாவது பேசச் சொன்னான். ஆதிநாராயணன் வாழ்த்தவில்லை. தாலியறுத்து வந்த நாளாகத் தன் பீத்துணியைத் துவைக்கிற மகளுக்குத்தான் ஏரிக்கரை நிலம் என்று, வரப்பு வாய்க்கால் முதற்கொண்டு சொல்லி முடித்தார்.

"பதிஞ்சிடுச்சாடா?"

"பதிஞ்சிடுச்சி நைனா."

அதோடு ரிஜிஸ்டர் ஆபீஸ் பேச்சை விட்டுவிட்டார். அதுவே பதிவு என்று நம்பினார். ஜானகியம்மாளும் நம்பினாள். இன்று காலை தம்பி கொல்லைப்பக்கம் உட்கார்ந்து நாடாவைப் பின்னோக்கிச் சுற்றியபோதுகூட, பாவம், நைனா குரலைக் கேட்கத்தான் என்று நினைத்தாள்.

எழுந்து கையை நீட்டிப் பெட்டியை நிறுத்தியிருக்கலாம். பிணம் கிடக்கும்போதே நிலத்துக்கு அலைகிறாள் என்று ஊர் சொல்லும். சித்தி முதுகைத் தடவி, "அழுதுடும்மா, உள்ள வெச்சிக்காத" என்றாள். ஜானகியம்மாள் அழுதாள். புருஷன் செத்தபோதுகூட அப்படி அழுததில்லை.

சாயந்திரம் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்த தாய்மாமன் பரசுராமன் கூடத்தில் உட்கார்ந்தார். "மச்சான் இன்னாவோ சொல்லிக்கீறாராமே. போடு துளசி, கேப்போம்."

துளசிராமன் மறுக்கவில்லை. நாடாவைச் சுற்றிவிட்டுக் கறுப்பை அமுக்கினான். ஜானகியம்மாளின் குரல்தான் எழுந்தது. என்னை யாரிடம் விட்டுப் போனாய் என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது.

"அதும்மேலயே புடிச்சிட்டேன் போலகீது மாமா. துக்கத்துல ஒண்ணும் தெரியல." அவன் அக்காவைப் பார்க்கவில்லை.

மச்சான் குரல் எங்காவது வரும் என்று பரசுராமன் நாடா தீரும்வரை காத்திருந்தார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெத்த பொண்ணுன்னா இப்டி அழுவணும்" என்றார். நிலத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பொதட்டூர்பேட்டையிலிருந்து தாமதமாக வந்தவர்களுக்காக அந்த அழுகை இன்னொரு தரமும் ஓடியது.

சம்பந்தி வீட்டிலிருந்து சோறு வந்தது. ஜானகியம்மாள் இலை போட்டுப் பரிமாறினாள். துளசிராமன் தலையைத் தூக்காமல், இன்னும் கொஞ்சம் ரசம் என்றான். ஊற்றினாள். போதும் என்று அவன் கையால் மறித்த பிறகும் ஊற்றினாள். ரசம் சோற்றைக் கரைத்துக்கொண்டு இலையைத் தாண்டி அவன் மடிப்பக்கம் ஓடியது. அவன் இலையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.